நாள் குறித்தாச்சா? முகத்துக்கு ஆறு மாதம் கொடுங்கள்

நிச்சயம் முடிந்த மறுநாளே எனக்குப் போன் வந்துவிடும். “எக்கா, ஃபேஷியல் எப்போ போட வரணும்? எத்தனை தடவை போட்டா முகம் பளபளன்னு வரும்?” கல்யாணப் பெண் கேட்பாள், இல்லாவிட்டால் அவளுடைய அம்மா கேட்பார். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு பார்லர் வைத்து, 16 வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறேன். நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இப்போது முகத்துக்கு என்ன போடுகிறாய்?

இதற்கு வரும் பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாம். இதுவரை சோப்பும் பவுடரும் தவிர எதுவும் போட்டதில்லை என்று சொல்கிற பெண்ணுக்கு வேலை சுலபம். தோழி சொன்னாள், கடைக்காரர் கொடுத்தார், யூடியூபில் பார்த்தேன் என்று நாலு டப்பாவை மேசையில் பரப்புகிற பெண்ணிடம்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. இதுவரை எந்தப் பழக்கமும் இல்லாமல் திடீரென்று கல்யாணத் தேதியோடு நிற்கிறவர்களுக்காக, எதை எப்போது செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று வரிசையாக எழுதுகிறேன். ஆறு மாதம் இருந்தால் நல்லது. மூன்று மாதம்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, சிலதை விட்டுவிட்டுச் செய்யலாம்.

முதல் வேலை, கையில் இருக்கும் கிரீமைத் திருப்பிப் பார்ப்பது

மேலே ஒட்டியிருக்கும் அழகான படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது அழகு கிரீம் கிடையாது, ஸ்டீராய்டு மருந்து. படைக்கும் சொறிக்கும் கொடுத்த டியூப் வீட்டில் மிச்சம் கிடக்கும், அதைப் போட்டதும் முகம் ஒரு வாரத்தில் வெளுத்த மாதிரி தெரியும், உடனே அக்கம்பக்கம் எல்லோருக்கும் பரவிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்து, மேலுதட்டில் முடி முளைத்து, வெயிலில் நின்றால் எரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகி, சிவந்து, பரு பரவி வரும், அதற்குப் பயந்தே பலர் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வகை டியூப்களில் 14-ஐ மத்திய அரசு 2018-இல் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பாதரசம். தயாரித்தவர் முகவரி இல்லாமல், லைசென்ஸ் எண் இல்லாமல், வெளிநாட்டு எழுத்து மட்டும் போட்ட வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் இந்த மாதிரி கிரீம் போட்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியாக வந்தது. முகத்தில் தேய்த்தது சிறுநீரகத்துக்கு எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள், பாதரசம் தோல் வழியாகவே உள்ளே போகும். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்தார் என்பதால் ஒரு கிரீம் நல்லதாகிவிடாது.

ஸ்டீராய்டு போட்டு வந்திருந்தால் தானாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள், படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது, பெரிய செலவு ஆகாது. இதற்கே மூன்று நாலு மாதம் போய்விடும். அதனால்தான் ஆறு மாதம் என்கிறேன்.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பான பெண்ணை வெளுக்க வைப்பது என் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை. மாநிறமும் கறுப்பும் நம் ஊர் நிறம். அந்த நிறத்தில் தோல் அமைதியாக, திட்டுத்திட்டாக இல்லாமல், எண்ணெய் வழியாமல் இருந்தால் அரக்குப் பட்டு கட்டினாலும் சர்ச்சுக்கு வெள்ளைப் பட்டு கட்டினாலும் கண்ணை எடுக்க முடியாது. நான் இத்தனை வருஷத்தில் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். கீழே எழுதுவது எல்லாம் அந்த அமைதிக்கான வழிதான்.

டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று

பரு அதிகமாக இருந்தால் ஆறு மாதம் முன்பே டாக்டரிடம் போங்கள், கல்யாணத் தேதியையும் சொல்லுங்கள். ஏன் என்றால் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். நல்ல மருந்துதான், ஆனால் அதைச் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்குப் பெரிய குறைபாடு வரும். நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பிறகுதான் கர்ப்பம் பற்றி யோசிக்கலாம். கல்யாணம் ஆன மாதமே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்க ஆரம்பிக்கும் ஊர் இது, அதனால் கூச்சப்படாமல் டாக்டரிடம் பேசிவிடுங்கள். அந்த மாத்திரை எடுப்பவர்கள் நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வரை வேக்சிங் செய்யக் கூடாது, தோல் உரிந்து வந்துவிடும். இரவில் ட்ரெட்டினாயின், அடாபலீன் மாதிரி களிம்பு தடவுகிறவர்களும் என்னை மாதிரி ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் புருவம் எடுக்க உட்கார்ந்து, நூல் பட்ட இடத்தில் தோல் கிழிந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

கழுத்து மட்டும் கறுத்து, தொட்டால் வெல்வெட் மாதிரி தடிப்பாக இருக்கிறதா? அது அழுக்கு இல்லை. அம்மா எத்தனை தடவை நாரைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வருவது, உடல் எடையோடும் பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறோடும் சேர்ந்து வரும். சர்க்கரையும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முடி நிறையக் கொட்டினால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் சேர்த்துப் பாருங்கள்.

கல்யாணத் தேதியில் மாதவிலக்கு வரும் போல இருந்தால் மாத்திரை வாங்கிப் போடுவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மாத்திரையை வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே மகளிர் டாக்டரைப் பார்த்தால், உங்களுக்கு ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைகிற கோளாறு ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

தினமும் மூன்றே மூன்று

கழுவுவது, ஈரம் காப்பது, வெயிலைத் தடுப்பது. இதற்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எதுவும் வேண்டாம். ஏழு பாட்டில் வரிசையாக வைத்து அடிக்கிற கதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

காலையும் இரவும் நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ் வாஷ். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், அங்கே கடைசியாக ஒரு குவளை குடிதண்ணீரில் முகத்தை அலசினாலே வித்தியாசம் தெரியும். துடைக்கும்போது ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ச்சரைசர். எண்ணெய் வழிகிற முகத்துக்கும் வேண்டும், ஜெல் மாதிரி லேசானதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். நம் வீட்டு உருக்கெண்ணெயை உடம்புக்கும் தலைக்கும் தாராளமாகத் தேயுங்கள், வறண்ட கால் கைக்கு அதைவிட நல்லது கிடையாது. முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் முகத்துக்குத் தொட வேண்டாம், துவாரத்தை அடைக்கும். நெற்றியிலும் முதுகிலும் மட்டும் குட்டிக்குட்டியாகப் பரு வருகிறது என்றால் பெரும்பாலும் தலை எண்ணெய் வழிந்துதான் வருகிறது. ராத்திரி எண்ணெய் வைத்துத் தூங்குவதை நிறுத்தி, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக் கழுவிவிடுங்கள், தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள். ஒரு மாதத்தில் அடங்கும்.

சன்ஸ்கிரீன் மட்டும் விடக் கூடாது. எஸ்பிஎஃப் 30-க்கு மேல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து வேண்டும். பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் காலையில் ஒரு தடவை பூசினால் போதாது, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். ஆனி ஆடி மழை மேகத்திலும், பஸ் கண்ணாடி வழியாகவும் தோலைக் கறுக்க வைக்கும் கதிர் வரத்தான் செய்யும். முகத்தில் மங்கு, அதாவது பழுப்புத் திட்டு, இருக்கிறவர்கள் தோல் நிறத்துக்கு ஏற்ற நிறம் கலந்த சன்ஸ்கிரீனாக வாங்குங்கள், அதில் உள்ள இரும்பு ஆக்சைடு சாதாரண வெளிச்சத்திலிருந்தும் காக்கும், சாம்பல் பூசின மாதிரியும் தெரியாது.

தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பரு விட்டுப் போன கறுப்புத் தடம் மறைய இரண்டு மூன்று மாதம்கூடப் பிடிக்கும். ஒரு வாரம் போட்டுவிட்டு மாற்றம் இல்லை என்று அடுத்ததுக்குத் தாவினால் எதுவுமே வேலை செய்யாது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள்.

பட்டினி கிடக்காதீர்கள்

பிளவுஸ் தைக்கக் கொடுத்ததும் சோற்றை நிறுத்துகிற பெண்கள் இருக்கிறார்கள். உடம்பு பட்டினியைக் கணக்கு வைத்துக்கொள்ளும். இன்றைக்குச் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தால் முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், அதாவது சரியாகக் கல்யாணத்துக்கு. அப்போது எந்த ஷாம்பூவும் உதவாது. சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி) மீன்கள் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற நல்ல கொழுப்பு. முருங்கைக்கீரை, பயறு, முட்டை, நெல்லிக்காய் எல்லாம் சேருங்கள். கருப்பட்டிக் காப்பியை விடச் சொல்ல மாட்டேன், பேக்கரிச் சாமான்களைக் குறைத்தால் பருவும் குறையும். சீசனில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் குடியுங்கள், ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு என்பது நினைவில் இருக்கட்டும்.

தலைக்குச் செம்பருத்தி இலைத் தாளி தேய்ப்பது நல்லதுதான், கொழகொழவென்று இருப்பதால் முடி சிக்கு விடும். முடி வளரும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நலங்கு மாவில் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள்

பாட்டி கைப்பக்குவம் எனக்கும் பிடிக்கும். சிறுபயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ், ஆவாரம்பூ காயவைத்துத் திரித்த பொடியை வாரம் இரண்டு தடவை உடம்புக்குத் தேய்த்துக் குளித்தால் வாசனையும் வரும், தோலும் மிருதுவாகும். ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் பளிச்சென்ற மஞ்சள் பொடியாகக் கொடுப்பது பெரும்பாலும் மஞ்சள் கூவை. அசல் கஸ்தூரி மஞ்சள் கிழங்கை வெட்டினால் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், பொடியும் சந்தன நிறத்தில்தான் வரும், முகத்தில் கறை பிடிக்காது. இரண்டு, கார்போக அரிசி. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிச் சாமான் கேட்டால் இதையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பார்கள். வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்கிற சரக்கு அது, அதில் இருக்கும் சோரலென் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். தேய்த்துக் குளித்துவிட்டு அழைப்பிதழ் கொடுக்க வெயிலில் அலைந்தால் தோல் கன்றிக் கறுத்துவிடும். கல்யாணப் பெண்ணின் பொடியில் அது வேண்டவே வேண்டாம். எலுமிச்சையும் அப்படித்தான், முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் கோடு கோடாகக் கறுப்பு விழும். பருவுக்கு டூத் பேஸ்ட் வைப்பது வெந்து போகத்தான் உதவும்.

முகத்துக்குப் பொடி போடுவதாக இருந்தால் மாவுச் சல்லடையில் சலிக்காமல் மெல்லிய துணியில் சலியுங்கள். பயறு நொய் கன்னத்தில் கீறிவிடும்.

இரண்டு மாதம் இருக்கும்போது

கைகால் முடி எடுக்க லேசர் யோசிக்கிறவர்கள் இந்நேரம் பாதி தூரம் வந்திருக்க வேண்டும், நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு எட்டுத் தடவையாவது தேவைப்படும். ஆரம்பிக்கவில்லை என்றால் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேக்சிங் இதுவரை செய்யாதவர்கள் இப்போது ஒரு தடவை செய்து பாருங்கள், தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும்.

நகையைப் போட்டுப் பாருங்கள். கவரிங்கில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குக் காதும் கழுத்தும் அரித்துப் புண்ணாகும். வடசேரி கோயில் நகை செட் வாடகைக்கு எடுத்தாலும், புதிதாக வாங்கினாலும், ஒரு நாள் அரை மணி நேரம் போட்டு உட்காருங்கள். அரித்தால் தோலில் படும் பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு தடவை பூசி உலரவிட்டால் அந்த ஒரு நாளைச் சமாளிக்கலாம். தினமும் ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் அரித்தாலோ வெளுத்தாலோ உடனே நிறுத்துங்கள், சில பொட்டின் பசையில் இருக்கும் இரசாயனம் அந்த இடத்து நிறத்தையே அழித்துவிடும். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததாக வாங்குங்கள், சாயப்பொடி வேண்டாம்.

பாதத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மெட்டி போடும்போதும் அம்மி மிதிக்கும்போதும் கேமராக்காரர் குனிந்து பாதத்தைத்தான் எடுப்பார். வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீமைத் தினமும் இரவு பூசி, பழைய காட்டன் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். மழையில் விரலிடுக்கு வெந்து அரித்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து வேறு.

ஒரு மாதம் இருக்கும்போது ட்ரையல்

மேக்கப் செய்பவரை ஒரு தடவையாவது முன்கூட்டிச் செய்து காட்டச் சொல்லுங்கள். பவுண்டேஷன் நிறத்தைக் கைமேல் வைத்துப் பார்க்கக் கூடாது, தாடை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் வைத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு தெரியாமல் கரைந்து போகிறதுதான் உங்கள் நிறம். ஒரு படி வெளுப்பாகப் போடலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக ஆல்பத்தில் நின்றுவிடும். ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். சில வெள்ளைப் பவுடர் நேரில் தெரியாது, ஃபிளாஷில் கண்ணுக்குக் கீழே மாவு கொட்டின மாதிரி தெரியும். அப்படியே மூன்று மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள். மண்டபத்தில் புகை, வேர்வை, ஆள் நெரிசல் எல்லாம் இருக்கும், அதைத் தாங்குமா என்று அப்போதுதான் தெரியும்.

கடைசி இரண்டு வாரம்

என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பார்லரில் பிளீச்சும் பழ ஃபேஷியலும் சேர்த்துப் போட்டார்கள். எரிகிறது என்றேன், எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றார்கள். வலது கன்னம் முழுக்கக் கன்றிச் சிவந்து, மறுநாள் பொருக்குத் தட்டியது. தாலி கட்டும் படத்தில் அந்தக் கன்னத்தில் மட்டும் பவுடர் அப்பி, பக்கத்தில் நின்ற அம்மாவின் கண் கலங்கி இருக்கும். இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம். அதனால் எரிகிறது என்று நீங்கள் சொன்னால் உடனே கழுவிவிடுகிற ஆளிடம்தான் போக வேண்டும்.

கடைசி ஃபேஷியல் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். அதுவும் ஏற்கெனவே ஒரு தடவை போட்டுப் பழகியதாக மட்டும். பிளீச் வேண்டாம் என்பது என் கட்சி. பீல் போட்டுத் தோல் உரிக்கிற வேலைகள் ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புருவம் நாலு நாள் முன்னால், வேக்சிங் மூன்று நாள் முன்னால், அன்றைக்குச் சுடுதண்ணீரும் வாசனைத் தைலமும் வேண்டாம். தலைக்குச் சாயம் பூசுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னால், காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்த பிறகு.

இதற்கப்புறம் புதிதாக எதுவும் கிடையாது. ஒன்றுவிட்ட சித்தி துபாயிலிருந்து சீரம் கொண்டுவந்து தருவார், நாத்தனார் ஷீட் மாஸ்க் வாங்கி வருவார். அன்போடு வாங்கி அலமாரியில் வையுங்கள், கல்யாணம் முடிந்து போட்டுப் பார்க்கலாம்.

மூன்று நாள் இருக்கும்போது பெரிய பரு ஒன்று வந்துவிட்டதா? கிள்ளாதீர்கள். துணியில் ஐஸ் சுற்றி ஒற்றுங்கள், மருந்துக் கடையில் பரு மேல் ஒட்டுகிற பட்டை கிடைக்கும். வீங்கி வலித்தால் தோல் டாக்டர் சின்னதாக ஒரு ஊசி அந்தப் பருவுக்குள் போட்டால் ஓரிரு நாளில் அமுங்கும். முழுசாக இருக்கிற பருவை மேக்கப்பில் மறைக்க முடியும், கிள்ளிய புண்ணை மறைக்கவே முடியாது.

மாப்பிள்ளைக்கும் சொல்கிறேன். கழுவுவது, மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீன் அதே மூன்றுதான். சவரத்தை முந்தின நாள் மாலை, முடி வளரும் திசையிலேயே செய்யுங்கள்.

மருதாணி

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இரவு வைப்பதுதான் சரி. மருதாணி எடுத்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள், ஒன்று இரண்டு நாளில் அடர்ந்து சிவக்கும். ஆறு எட்டு மணி நேரம் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், காய்ந்ததை விரலால் உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பிறகு அடுப்பில் காய்ந்த சட்டியில் பத்துப் பன்னிரண்டு கிராம்பைப் போட்டு, ஆவி கிளம்பும்போது கையைச் சுடாத உயரத்தில் காட்டுங்கள். நம் மலையில் விளையும் கிராம்பில் எண்ணெய் அதிகம், சமையலறை முழுக்க வாசம் அடிக்கும், உள்ளங்கை கதகதப்பாக, லேசாகப் பிசுபிசுக்கும், அந்தச் சூட்டில் நிறம் ஏறும். அன்று முழுக்கக் கையைத் தண்ணீரில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிஷத்தில் கறுக்கும் என்று விற்கும் கோனை மட்டும் வாங்காதீர்கள். மருதாணி இலை தானாகக் கறுப்பு நிறம் தராது. கறுப்பு வருவது பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற இரசாயனம் கலப்பதால்தான். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோலம் போட்ட கோட்டிலேயே கொப்புளம் எழும்பி, தடம் மாதக்கணக்கில் நிற்கும். முற்றத்தில் மருதாணி நிற்கிற வீட்டில் இலையை அரைத்தால் அதுவே போதும்.

முந்தின நாள்

நலங்கு வைக்கிற வீடுகளில் ஆளுக்கு ஒரு கை மஞ்சள் அள்ளிப் பூசுவார்கள். சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள், முகத்தில் ஒரு தொடுதல் போதும், மிச்சம் கைக்கும் காலுக்கும். முகத்தில் முன்கூட்டியே மாய்ச்சரைசர் தடவி இருந்தால் மஞ்சள் கறை ஆழமாகப் பிடிக்காது. தீர்ந்ததும் பால் ஊறிய பஞ்சால் துடைத்து எடுங்கள், சோப்பைப் போட்டு உரசாதீர்கள்.

பூவைத் தோவாளையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முகூர்த்த நாளில் விலை எங்கேயோ போய் நிற்கும். காலை முகூர்த்தத்துக்குப் பிச்சியை மொட்டாக வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வாழையிலையில் பொதிந்து வைத்தால் வாடாது. மாலையில் அரளி இருந்தால் கட்டின பிறகு பால் வடிகிறதா என்று பாருங்கள், அந்தப் பால் கழுத்தில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உள்பக்கம் மெல்லிய துணிப்பட்டை வைத்துக் கட்டச் சொல்லலாம்.

இரவு பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள். வீடு நிறைய ஆள் இருக்கும், உள் அறைச் சாவியை அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று

அலங்காரத்துக்கு நான் வருவது மூன்றரை நாலு மணிக்கு. அதற்குள் குளித்து, இரண்டு இட்லியாவது சாப்பிட்டிருங்கள், வெறும் வயிற்றில் ஆறு மணி நேரம் நிற்க முடியாது. மாய்ச்சரைசர் போட்டு இருபது நிமிஷம் கழித்துத்தான் மேக்கப்பைத் தொடங்க வேண்டும், அவசரப்பட்டால் திரியும். பொறுப்பான ஒரு தங்கச்சியிடம் சின்னப் பை கொடுங்கள்: டிஷ்யூ, லிப்ஸ்டிக், காம்பாக்ட், நாலு ஊசிப் பின், ஸ்ட்ரா, ஒரு கைவிசிறி. வேர்த்தால் துடைக்கக் கூடாது, டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். லென்ஸ் போடுகிறவர்கள் ஓமப் புகைக்கு முன்னால் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்டு வைத்திருங்கள்.

இரவு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் முகத்தைக் கழுவாமல் படுக்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் எடுத்து மூடிய கண்ணின் மேல் வைத்து அரை நிமிஷம் பொறுத்து இழுத்தால் மையும் மஸ்காராவும் கூடவே வரும். அப்புறம் ஃபேஸ் வாஷ், மாய்ச்சரைசர், அவ்வளவுதான். கொண்டையைப் பிரிக்கும்போது சீப்பு போட வேண்டாம், முதலில் பின்னை எல்லாம் எடுத்துவிட்டு, எண்ணெய் தொட்டு விரலால் கீழிருந்து மேலே சிக்கு எடுங்கள்.

எத்தனை பின் குத்தினேன் என்று எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நான் அந்தத் தங்கச்சி கையில் கொடுத்துவிடுவேன். போன தையில் திங்கள்நகர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு 64. ராத்திரி பதினொன்றுக்குப் போன். “எக்கா, 63 தான் இருக்கு.” பிடரிக்கு மேலே, சவுரி கட்டின முடிச்சுக்கு அடியில் விரலைவிட்டுத் துழாவச் சொன்னேன். அங்கேதான் இருந்தது.